தரங்கம்பாடிப் பள்ளிக்கூடங்களைத் தேடி நான்கு நாள்

முதல் நாள், செவ்வாய்

மயிலாடுதுறையில் பொறையாறு வண்டி ஏறியபோது மணி பத்தரை. முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக இறங்கியது. வண்டியே காலியான மாதிரி ஆகிவிட்டது. இந்த வழியில் ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் ரயில் தரங்கம்பாடி வரை ஓடியது. 1926-ல் வந்த ரயில் 1986-ல் நின்றுபோனது.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருஷம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் முதல் பள்ளிக்கூடம் பண்ருட்டிப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். மழை பெய்தால் பிள்ளைகள் எல்லோரும் நடுவில் ஒதுங்கிக்கொள்வார்கள், ஐந்து வகுப்பும் ஒரே வகுப்பாகிவிடும். போன வருஷம் அந்த ஊருக்குப் போனேன். கொட்டகை நின்ற இடத்தில் முருங்கை மரமும் ஒரு டிராக்டரும் நின்றன. அங்கே பள்ளிக்கூடம் இருந்ததையே இளவட்டங்கள் யாரும் அறியவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை. பள்ளிக்கூடங்களின் கதை எழுத்திலேயே கிடைக்கிற ஒரு சின்ன ஊருக்குப் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அப்படி முந்நூறு வருஷத்துக்கு மேலான கதை உள்ள ஊர் தரங்கம்பாடி.

ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளையடித்த வாயில் நிற்கிறது. 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் நேர் தெரு, கோடியில் கடல். வழியில் 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம். கடற்கரையில் டேன்ஸ்பர்க் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே யெட்டே கட்டத் தொடங்கிய கோட்டை. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தமிழில் எழுதி அனுப்பிய பொன்னேடு இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அதற்கும் முன்னூறு வருஷம் முந்தியது கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது; அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

கோட்டையை இன்று வெளியிலிருந்து மட்டும் பார்த்தேன். பீரங்கிகளைப் பார்க்க நான் வரவில்லை. தெருத்திண்ணைகளைப் பார்க்க வந்திருக்கிறேன். நாளைக்கு அதுதான் வேலை.

இரண்டாம் நாள், புதன்

காலையில் டீ குடித்த கடையில், "எந்த ஊர்க்கா, கோயிலுக்கா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். பள்ளிக்கூடம் பார்க்க வந்தேன் என்றதும், "பிள்ளையைச் சேர்க்கவா?" என்றாள். விவரம் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டாள். தன் பாட்டி இந்த ஊர் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர் என்றாள். சுற்றுப்பட்டு ஊர்களில் அந்தத் தலைமுறைப் பெண்களில் ஐந்தாவது முடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் கிரீடமும் எழுத்தும் இருக்கின்றன. 1718-ல் பிரதிஷ்டையான கட்டடம். உள்ளே பீடத்துக்கு அருகில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை. ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் 1682-ல் பிறந்தவர். 1706 ஜூலை 9 அன்று புளூட்சாவ் என்ற தோழரோடு இங்கே கப்பலிலிருந்து இறங்கினார். வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. 1719 பிப்ரவரியில் இங்கேயே இறந்தபோது நாற்பதுகூட ஆகவில்லை.

அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது அச்சுக்கூடத்தையும் பைபிளையும்தான். என் மனம் நிற்பது வேறு இடத்தில்.

வந்திறங்கியதும் அவருக்குத் தமிழ் வேண்டும். இலக்கணப் புத்தகம் இல்லை, அகராதி இல்லை. ஊரில் எழுபது வயதுத் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரைக் கேட்டு, பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். அரசரின் கடிதத்தோடு வந்த பாதிரியார் தரையில் உட்கார்ந்து, அரைஞாண் கட்டிய பிள்ளைகளின் வரிசையில், ஆட்காட்டி விரலால் மணலில் அகரம் எழுதினார். பிள்ளைகள் சத்தமாகச் சொன்னதைத் தானும் சத்தமாகச் சொன்னார். வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. எழுத்தைக் கூட்ட முடிந்தது, பொருள் விளங்கவில்லை. அதற்கப்புறம்தான் போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் தெரிந்த அழகப்பன் என்ற துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவர், வந்தார். அவரால் சொல்லுக்குப் பொருள் கிடைத்தது.

இந்தச் செய்தி நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானதுதான். திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் யாரும் தங்களைப் பற்றி எழுதி வைக்கவில்லை. இன்று நான் பார்த்த கல் எதிலும் அந்த எழுபது வயதுக்காரரின் பெயர் இல்லை. இந்த ஊரின் பள்ளி வரலாறு அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். ஐரோப்பியருக்கு முன்பே இங்கே பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குக் கட்டடம் மட்டும் இல்லை. ஒரு திண்ணை, ஒரு கூடை மணல், அண்ணாவி என்கிற வாத்தியார் ஒருவர், மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக.

மணலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒன்றாம் வகுப்புக்குத் தட்டில் மணல் பரப்பிக் கொடுத்துப் பார்த்தவள் நான். பென்சில் பிடித்த பிள்ளை பயந்து பயந்து எழுதும். தப்பானால் அழிந்த தடம் தாளில் நிற்கும். மணலில் ஒரு தடவு தடவினால் தப்பு போய்விடும். விரல் நுனியே எழுதுகோல், வாய் சொல்லச் சொல்லக் கை போகும். 'அரிநமோத்து சிந்தம்' என்று தொடங்கி உயிரும் மெய்யும் மணலில் பழகி, கை நின்ற பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி. கீழ்ப் பிள்ளைகளுக்கு மேல் பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பார்கள்.

சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797-ல் லண்டனில் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. நம் சட்டாம்பிள்ளை அங்கே அப்படிப் போய்ச் சேர்ந்தான்.

சீகன்பால்குவும் கற்றதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1708-ல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திண்ணையில் பிள்ளைகள் பாடம் ஒப்பித்த நூல்கள் இவை. அதே வருஷம் தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியலும் எழுதினார், நூற்றுக்கு மேல் இருக்கும். அந்த வருஷக் கடைசியில் டேனிஷ் தளபதி அவரைக் கோட்டையில் அடைத்து நான்கு மாதம் வைத்திருந்தார்.

திண்ணைப் பள்ளியைப் பொன்னாக்கிப் பேச மாட்டேன். அங்கே கோதண்டம் இருந்தது. பிள்ளையின் கையைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடும் தண்டனை. சேரிப் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏற முடியாது. பெண் பிள்ளைக்கும் இடமில்லை. அன்று எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் என்றால் பெரும்பாலும் கோயிலில் ஆடிப்பாடிய தேவரடியார்கள்தான். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று வீடுகள் பயந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட ஊரில் 1707-ல் பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளி திறந்தார்கள். இந்தியாவில் இப்படி எழுந்த முதல் பள்ளிகளில் ஒன்று. ஏழைப் பிள்ளைகள், ஆதரவற்ற பிள்ளைகள். சோறும் துணியும் தங்க இடமும் சேர்த்தே கொடுத்தார்கள்.

அட்மிரல் தெருவில் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டைப் பழுதுபார்த்து 2017-ல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். அதன் முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். தரையெல்லாம் ஓடு பாவியிருக்கிறது. மணல் இல்லை.

மூன்றாம் நாள், வியாழன்

பொறையாறு. தரங்கம்பாடிக்கு ஒட்டின ஊர், ஆட்டோவில் பத்து நிமிஷம். ஓட்டுநர் பெரியவர், "டீச்சரம்மா" என்றே கூப்பிட்டார். நான் ஆசிரியை என்று சொல்லவே இல்லை, எப்படித் தெரிந்ததோ.

கடுதாசிப்பட்டறை என்ற பெயரைக் கேட்டுத்தான் இங்கே வந்தேன். 1712-ல் அச்சுப்பொறி தரங்கம்பாடிக்கு வந்தது. லண்டனிலிருந்து ஒரு கிறித்தவச் சங்கம் அனுப்பியது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் பெரியதாக இருந்ததால் காகிதம் தண்ணீராகச் செலவானது. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். அப்புறம் காகிதத்துக்கும் வழி செய்ய 1715-ஐ ஒட்டிப் பொறையாற்றில் ஒரு காகித ஆலை. அதுதான் கடுதாசிப்பட்டறை. புதிய ஏற்பாடு 1714, 1715-ல் தமிழில் அச்சாகி வந்தது. பிள்ளைகள் கையில் ஓலைக்குப் பதில் அச்சுத்தாள் வந்ததும் இந்த ஊரில்தான் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. சரி, இது என் தொழில் பாசம்.

1716-ல் இங்கே ஆசிரியர், உபதேசியார் ஆகப்போகிறவர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். நான் பயிற்சி எடுத்த பள்ளியின் பாட்டி அது. ஆனால் இந்தக் கதையில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. 1733-ல் ஆரோன் என்ற தமிழர் குருவானவர் ஆனார். வெள்ளாளர். அவருக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் உழைத்த ராஜநாயக்கன் என்ற உபதேசியாரைக் குருவானவராக ஆக்கலாம் என்று பேச்சு வந்தபோது நடக்கவில்லை. அவர் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதியினர் சம்மதிக்க மாட்டார்கள் என்பது காரணம். திண்ணையில் ஏறவிடாத அதே கை இங்கேயும் வாசலை மறித்தது. முந்நூறு வருஷப் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இங்கே பள்ளி நடத்தினார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இளமையில் இங்கே வந்து படித்தவர். வயதான காலத்தில் ஜான், 1810-ஐ ஒட்டி, சுற்றுக் கிராமங்களில் இலவசப் பள்ளிகள் திறந்தார். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அந்தந்த ஊர்த் தமிழ் ஆசிரியர்களைக் கொண்டே தமிழும் கணக்கும். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. பெரிய கட்டடம் எழுப்பி ஊருக்கு வெளியே நிற்காமல் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளியைக் கொண்டுபோனவர்.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, எந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று கலெக்டர்களை எண்ணச் சொன்னார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்கள் 4,540. நூறு பிள்ளைக்கு மூன்று பெண்கூட இல்லை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ் கொடியின் கீழ் இருந்ததால் இந்தக் கணக்கில் சேராது.

1845-ல் வங்காளத்தில் டேனிஷ்காரர்கள் வைத்திருந்த செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் தரங்கம்பாடித் துறைமுகம் படுத்துவிட்டது. வியாபாரம் போனாலும் பள்ளிகள் போகவில்லை. டேனிஷ் மிஷன் வேலையை 1840-களில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களை வெளியேற்றியபோது சுவீடன்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். 1919-ல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. பொறையாற்றில் 1972-ல் தொடங்கிய கல்லூரிக்கு, தரங்கம்பாடிப் பேராயராக வந்த முதல் இந்தியரான மாணிக்கத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். கல்லூரி வாசலில் இன்று ஒரே சைக்கிளும் ஸ்கூட்டியும். பெண்கள்தான் அதிகம்.

மதியம் ஆட்டோவில் திரும்பும்போது மாயூரம் வேதநாயகம் பிள்ளை நினைவு வந்தது. மாயூரத்துக்குப் போவதற்கு முன் தரங்கம்பாடியில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்தவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பாட்டும் உரைநடையுமாக எழுதியவர். சீகன்பால்கு பெண் பள்ளி திறந்து நூற்றைம்பது வருஷம் கழித்தும் அதற்காக ஒருவர் வாதாட வேண்டியிருந்தது. ஒரு ஊரில் ஒரு பள்ளி திறந்ததால் பக்கத்துத் தெருவின் மனசு திறந்துவிடாது.

நான்காம் நாள், வெள்ளி

காலையில் கடற்கரை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே 2004-ல், ஜூலை 16 அன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டதும் அண்ணாந்து எங்கள் கூரையைப் பார்த்தேன். அன்று தமிழ்நாட்டில் எத்தனை ஆசிரியர்கள் அப்படிப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு அவசரமாக எல்லா இடத்திலும் அகற்றியது. முதல் நாள் என் கொட்டகையைப் பற்றி ஏக்கத்தோடு எழுதினேன் அல்லவா? அதை இன்று திருத்திக்கொள்கிறேன். கொட்டகை போனது நல்லது. அங்கே ஒரு பள்ளி இருந்தது என்ற நினைவு போனதுதான் வருத்தம்.

பத்து மணிக்கு, இந்தப் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்தார். எங்கள் காலத்துச் சங்கதிகளைப் பேசிக்கொண்டோம். கான்கிரீட் கட்டடம், காம்பவுண்டுச் சுவர், சுவரில் உயிரெழுத்துப் படங்கள். காலைச் சிற்றுண்டி முடிந்து தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். இந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மதிய உணவு காமராஜர் 1956-ல் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தது. சோறு போட்டால் பிள்ளை வரும் என்று 1707-ல் இந்த ஊரில் கண்டுகொண்டதை நான் என் வேலைக்காலம் முழுவதும் கண்ணால் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளை மந்தமாக உட்கார்ந்திருந்தால், சனி ஞாயிறு வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றுதான் முதலில் விசாரிப்பேன்.

ஒன்றாம் வகுப்பில் பதினேழு பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள். மூலையில் ஒரு தட்டில் மணல் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு சின்னவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் 'ஞ' எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுகிற எழுத்து. மூன்று தடவை தடவி அழித்தாள். நான்காவது தடவை பக்கத்திலிருந்த மூன்றாம் வகுப்புப் பையன் அவள் விரலைப் பிடித்துச் சுழித்துக் காட்டினான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் நான்கு பத்துக்குப் பொறையாற்றில் மயிலாடுதுறை வண்டி. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் மேல்நிலைப்பள்ளிப் பெண்கள் ஒரு கூட்டம் ஏறியது. ஊதா நிறத் தாவணி, ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. நிற்க இடமில்லை. "பாட்டி, இதைக் கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா?" என்று ஒருத்தி தன் பையை என் மடியில் வைத்தாள். அவ்வளவுதான், ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து பைகள். மேலே இருந்த பை என் தாடையை இடித்தது. உள்ளே அறிவியல் புத்தகம் போல, நல்ல கனம். தலைக்கு மேல் நாளைய தேர்வைப் பற்றி ஐந்து குரல்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தன.

திருக்கடையூரில் இரண்டு பைகள் இறங்கின. ஆக்கூரில் இரண்டு. கடைசிப் பைக்காரி செம்பனார்கோயில். இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டு, "கால் மரத்துடுச்சா பாட்டி?" என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன்.